மாற்று உடைப் பாணி: இளைஞர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆண்களுக்கான உடை என்று கடைகளில் தொங்குவது மிகக் கொஞ்சம். சட்டை, டிஷர்ட், ஜீன்ஸ், நாலைந்து நிறம், அவ்வளவுதான். அதற்குள் அடங்காத ஒன்றைத் தேடும் இளைஞர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளும், சில இரண்டு வரியில் முடியும். நானும் பல வருடங்களாக இப்படி உடுத்துகிறவன் என்பதால் என் விருப்பு வெறுப்புகளும் உள்ளே கலந்திருக்கும்.

மாற்று பாணி என்று எதைச் சொல்கிறார்கள்?

பெரும்பாலானவர்கள் உடுத்துவதிலிருந்து வேண்டுமென்றே விலகி, ஏதோ ஒரு இசையோடோ கூட்டத்தோடோ சேர்ந்து வளர்ந்த உடை மரபுகளுக்கு அது பொதுப்பெயர். பங்க், கோத், மெட்டல், கிரஞ்ச், இமோ, ஸ்கேட்டர், ஜப்பானிய ராக் குழுக்களின் ஆடம்பரத் தோற்றமான விஷுவல் கேய், கொஞ்சம் பின்னால் வந்த டெக்வேர் (நீர்புகாத் துணி, நிறைய பாக்கெட் வைத்த நகர உடை) எல்லாம் இதில் அடங்கும்.

ஒவ்வொன்றுக்கும் ஊரும் காலமும் உண்டு. லண்டன் கிங்ஸ் ரோட்டில் 430ஆம் எண் கடையை 1971 முதல் நடத்திய விவியன் வெஸ்ட்வுட்டும் மால்கம் மெக்லாரனும்தான் பங்க் உடைக்கு முகம் கொடுத்தவர்கள். கிழிசல், ஊக்கு, ஆத்திரமான வாசகங்கள் எழுதிய சட்டை எல்லாம் அங்கே விற்பனைக்கு இருந்தன. அதே நகரத்தின் சோஹோ பகுதியில் 1982இல் திறந்த பேட்கேவ் என்ற கிளப்பைச் சுற்றி, கறுப்பு உடையும் வெளிறிய முகமுமான கோத் தோற்றம் திரண்டது. கிரஞ்ச் அமெரிக்காவின் சியாட்டில் பக்கம் பிறந்தது. குளிரும் மழையுமான ஊர், கையில் காசில்லாத இசைக்கலைஞர்கள், பழைய துணிக் கடையில் மலிவாகக் கிடைத்த கட்டம்போட்ட ஃபிளானல் சட்டை. இந்த மூன்றும் சேர்ந்த இடம் அது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தப் பாணிகளில் பல கையில் கிடைத்ததை வைத்துத் தொடங்கியவை. டாக் மார்டென்ஸ் நிறுவனத்தின், கயிறு கோக்க எட்டு ஜோடித் துளை வைத்த பூட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1960 ஏப்ரல் 1 அன்று (1.4.60) வெளிவந்ததால்தான் அதற்கு 1460 என்று பெயர். முதலில் அதை வாங்கிப் போட்டவர்கள் தபால்காரர்களும் ஆலைத் தொழிலாளர்களும். பிறகுதான் இளைஞர் கூட்டங்கள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டன. இன்று ஒரே நாளில் முழு செட்டாக ஆர்டர் போட்டு வாங்க முடிகிறது. ஆனால் அப்படி வாங்கியதை அப்படியே உடுத்திப் போனால் பெரும்பாலும் வேஷம் போட்டது போலத்தான் தெரியும். துணி உங்கள் உடம்போடும் உங்கள் நாளோடும் பழக வேண்டும். கீழே வரும் பதில்கள் எல்லாம் அந்த ஒரே எண்ணத்திலிருந்து வருபவைதான்.

என் அலமாரி முழுக்க சாதாரண டிஷர்ட்டும் ஜீன்ஸும்தான். எங்கிருந்து தொடங்குவது?

முதல் ஒரு மாதம் எதுவும் வாங்காதீர்கள். உங்களுக்குப் பிடித்த தோற்றங்களின் படங்களை மட்டும் சேர்த்துக்கொண்டே வாருங்கள். இசைக்கலைஞர்கள், தெருப் படங்கள், பழைய புகைப்படங்கள் என எது வேண்டுமானாலும் இருக்கலாம். ஒரு ஐம்பது படம் சேர்ந்ததும் எல்லாவற்றையும் ஒரே திரையில் பரப்பிப் பாருங்கள். தனித்தனியாகப் பார்த்தபோது தெரியாத ஒன்று அப்போது தெரியும். பாதிப் படங்களில் கால்சட்டை அகலமாக இருக்கலாம். அல்லது நிறம் எல்லாம் அடங்கியிருந்து, உலோகம் மட்டும் பளிச்சென்று தெரியலாம். அல்லது உங்களைக் கவர்ந்தது உடையே இல்லை, அந்த மனிதர் நிற்கும் விதம்தான் என்றுகூடப் புரியலாம். அது தெரிந்தாலே வீண் செலவு பாதி குறைந்துவிடும்.

அப்புறம் ஒரே ஒரு பொருளை மாற்றுங்கள். என் பரிந்துரை காலணி அல்லது கால்சட்டை. நிறைய பேர் செயின், மோதிரம், கிராஃபிக் டிஷர்ட் என்று சின்னச் சின்னப் பொருள்களில் தொடங்குகிறார்கள். அவை மலிவு என்பது சரிதான், ஆனால் தோற்றத்தின் அடிப்படை மாறாது. கனமான பூட்ஸோ அகலமான கால்சட்டையோ வந்துவிட்டால், பழைய டிஷர்ட்டே வேறு மாதிரி தெரியத் தொடங்கும்.

வாங்கியதை விசேஷ நாளுக்கென்று எடுத்து வைக்காதீர்கள். சாதாரண நாளில், சும்மா வெளியே போய்வரும்போது போடுங்கள். எங்கே உறுத்துகிறது, உட்காரும்போது எங்கே இழுக்கிறது, பாக்கெட்டில் போன் நிற்கிறதா என்றெல்லாம் அப்படித்தான் தெரியவரும்.

நான் ஒல்லி. என் நண்பன் பருமன். எங்களுக்கு இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பல பேர் இந்தப் பயத்திலேயே தொடங்காமல் நின்றுவிடுகிறார்கள்.

தூரத்திலிருந்து ஒருவர் உங்களைப் பார்க்கும்போது நிறமோ பிராண்டோ தெரியாது, வெளிவடிவம் மட்டும்தான் தெரியும். தோள் எவ்வளவு அகலம், இடுப்பு எங்கே தொடங்குகிறது, கால் எங்கே முடிகிறது என்பவைதான் அந்த வடிவத்தைத் தீர்மானிக்கின்றன. வழக்கமான ஆணுடை எல்லோரையும் ஒரே வடிவத்துக்குள் திணிக்கப் பார்க்கும்: அகலத் தோள், குறுகிய இடை. மாற்று பாணிகளின் பெரிய கொடையே அந்த வடிவத்தைக் கைவிட அனுமதிப்பதுதான்.

ஜப்பானிய உடை வடிவமைப்பாளர்கள் ரே கவாகுபோவும் யோஜி யமமோட்டோவும் 1981இல் பாரிஸில் தங்கள் உடைகளை முதன்முதலாகக் காட்டினார்கள். பெரும்பாலும் கறுப்பு, தொளதொளப்பு, இரு பக்கமும் ஒன்றுபோல இல்லாத வெட்டு. உடம்பை எடுத்துக்காட்டுவதே உடையின் வேலை என்று நம்பியிருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். அந்த உடைகளுக்குள் ஒல்லியும் பருமனும் பெரிய விஷயமே இல்லை. துணி தானே ஒரு வடிவத்தை உண்டாக்கிக்கொள்கிறது.

ஒல்லியாக இருப்பவர்களுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, ஒல்லியை முழுசாக ஒப்புக்கொண்டு இறுக்கமான கால்சட்டை, குட்டை ஜாக்கெட், கனமான பூட்ஸ் என்று போவது. பங்க் வழி அது. இன்னொன்று, அடுக்கடுக்காகப் போட்டு வடிவத்தைப் பெரிதாக்குவது. டிஷர்ட் மேல் திறந்த சட்டை, அதற்கு மேல் ஒரு கோட். இரண்டுக்கும் நடுவில் நின்று, அளவான சட்டையும் அளவான பேண்டும் போட்டால்தான் எதுவும் தெரியாமல் போகும்.

பருமனாக இருப்பவர்கள் செய்யும் வழக்கமான தவறு, எல்லாமே இரண்டு சைஸ் பெரிதாக வாங்குவது. தோள் தையல் தோள்முனையில் நின்று, உடல் பகுதி மட்டும் தளர்வாக விழட்டும். கால்சட்டையின் இடுப்பு வயிற்றுக்குக் கீழே நழுவாமல், உயரமாக நிற்கும்படி வெட்டியிருப்பதைத் தேடுங்கள். நீளமான, திறந்தபடி விடும் மேலாடை நேர்க்கோடாக விழுந்து நன்றாக இருக்கும். தி க்யூர் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பாடகர் ராபர்ட் ஸ்மித்தைப் பாருங்கள். தளர்வான கறுப்புச் சட்டை, கலைந்த தலைமுடி, பூசியும் பூசாததுமாக உதட்டுச்சாயம். அந்த உருவத்தை எங்கே கண்டாலும் அடையாளம் தெரியும்.

உயரம் குறைவு என்றால் கால்சட்டையும் பூட்ஸும் ஒரே நிறத்தில் இருக்கட்டும், மேலாடை குட்டையாக இருக்கட்டும். அவ்வளவுதான்.

ஒரு நல்ல தையல்காரரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பைப் பிடிப்பது, நீளம் குறைப்பது, காலைக் குறுக்குவது எல்லாம் எளிய வேலைகள். தோளை மாற்றுவது கடினம், பல நேரம் கட்டுப்படியாகாது. எனவே கடையில் மேலாடையைப் போட்டுப் பார்க்கும்போது தோளை மட்டும் பாருங்கள், மற்றதைப் பிறகு சரிசெய்யலாம்.

எல்லாவற்றையும் கறுப்பில் வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா?

பாதி தீரும். கறுப்பில் எதுவும் எதோடும் சண்டை போடாது என்பது உண்மை. ஆனால் ஒரே மாதிரி பருத்தித் துணியில் தலை முதல் கால் வரை கறுப்பு போட்டால் சீருடை போலத் தட்டையாக இருக்கும். கறுப்பு உடைக்கு உயிர் தருவது துணியின் வகை. லெதரின் பளபளப்பு, கார்டுராயின் வரி, வெல்வெட்டின் ஆழம், வலைத்துணியின் ஓட்டை, டெனிமின் சொரசொரப்பு என ஒரே நேரத்தில் மூன்று வகையாவது சேரட்டும்.

துவைக்கும்போது உட்புறத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில் துவைத்து, நிழலில் காயப்போடுங்கள். வெளுத்துப்போன கறுப்பும் புதுக் கறுப்பும் பக்கத்தில் நின்றால் வெளுத்தது அழுக்காகத் தெரியும். வெளுத்ததை வெளுத்ததோடு சேர்த்துப் போட்டால் அதுவே அழகு.

ஏதாவது ஒரு பிரிவைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நிற்க வேண்டுமா?

வேண்டாம். ஆனால் ஆரம்பத்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதன் இலக்கணத்தைக் கற்பது நல்லது. கோத் உடையில் ஏன் லேஸ் (பூவேலை வலைத்துணி) வருகிறது, பங்க் ஜாக்கெட்டில் ஏன் பேட்ச் (சின்னமோ பெயரோ உள்ள துணித் துண்டு) தைக்கிறார்கள் என்று தெரிந்தபின் இரண்டையும் கலந்தால், அந்தக் கலப்புக்கு ஒரு அர்த்தம் இருக்கும்.

அந்த இசையைக் கேட்காமல் அந்த உடையைப் போட்டால் போலி என்கிறார்களே?

இதில் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. இந்த உடைகளை உருவாக்கியவர்களுக்கு அது வெறும் துணியாக இருக்கவில்லை. கோத் என்றால் பௌஹவுஸ், சியூக்ஸி அண்ட் தி பான்ஷீஸ் போன்ற குழுக்களின் இசைதான் அதன் மையம். அந்தக் கூட்டத்தில் இன்றும் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். இசையைத் தொடாமல் உடையை மட்டும் எடுத்துக்கொண்டு "நான் கோத்" என்று சொன்னால் அவர்களுக்கு வலிப்பது இயல்பு.

அதே சமயம், நிறைய பேர் உடை வழியாகத்தான் இசைக்குள் வந்தார்கள். ஒரு ஜாக்கெட் பிடித்தது, அதிலிருந்த பேட்ச் எந்தக் குழுவுடையது என்று தேடினார்கள், பாட்டு பிடித்துப்போனது. அதில் எந்தத் தப்பும் இல்லை. என் எல்லை ஒன்றுதான்: நீங்கள் ஒரு பாட்டுகூடக் கேட்காத குழுவின் பெயரை மார்பில் போட்டுக்கொள்ளாதீர்கள். மற்றபடி, உடை பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போடலாம். கேட்பவர்களிடம் தெரியாததைத் தெரியாது என்று சொன்னால், அவர்களே ஆசையாகப் பத்துக் குழுக்களின் பெயரைச் சொல்லி அனுப்புவார்கள்.

கையில் காசு இல்லை. என்ன வழி?

பழைய துணிக் கடைகள், நண்பர்களோடு மாற்றிக்கொள்வது, வீட்டுப் பெரியவர்களின் அலமாரி. கடைசியாகச் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அப்பாவின் பழைய கோட், அம்மாவின் பெரிய சட்டை, தாத்தாவின் பெல்ட் எல்லாம் இன்று கடையில் கிடைக்கும் பலவற்றைவிட நல்ல துணியில் நன்றாகத் தைத்தவையாக இருக்கும். பெண்கள் பகுதியிலும் தயங்காமல் பாருங்கள். சைஸ் எண்ணை நம்பாமல், உங்கள் தோள், மார்பு, இடுப்பு, கால் நீளம் ஆகிய நான்கு அளவையும் போனில் குறித்து வைத்துக்கொண்டு டேப்பால் அளந்து வாங்குங்கள்.

பணம் செலவழிப்பதாக இருந்தால் பூட்ஸிலும் மேலாடையிலும் செலவழியுங்கள். டிஷர்ட், மோதிரம், செயினில் சிக்கனமாக இருங்கள்.

நானே செய்து பார்க்க ஆசை. பேட்ச், ஸ்டட், சாயம், ப்ளீச் எல்லாம் எப்படி?

இந்தக் கேள்வி வந்தாலே எனக்கு மகிழ்ச்சி. கையால் செய்த ஒரு பொருள், வாங்கிய பத்துப் பொருளைவிட உங்களைப் பற்றி அதிகம் சொல்லும்.

பேட்ச்: இஸ்திரி போட்டு ஒட்டுபவை பல துவையலுக்குத் தாங்காது, ஓரம் தூக்கிக்கொள்ளும். தைத்துவிடுங்கள். பங்க் கூட்டத்தில் பல்லிடுக்குச் சுத்தம் செய்யும் ஃபிளாஸ் நூலால் தைப்பது பழைய வழக்கம். மெழுகு பூசியது, அறாது, வெள்ளைத் தையல் தெரிவதும் அழகாக இருக்கும். தைப்பதற்கு முன் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஊக்கால் குத்தி இடம் பாருங்கள். மேஜையில் விரித்து வைத்துக் குத்தினால், போட்டபின் பேட்ச் அக்குளுக்குள் போய்விடும்.

ஸ்டட்: துணியில் அடிக்கும் உலோகக் குமிழ் இது. முனைகளைத் துணிக்குள் செலுத்தி, உள்ளே மடக்கினால் போதும். மெல்லிய துணி கிழியும், ஆகவே டெனிம், கேன்வாஸ், லெதர் இவற்றில் மட்டும் அடியுங்கள். ஸ்டட் அடித்ததை மெஷினில் போடாமல் கையால் துவைத்து உடனே காய வையுங்கள், இல்லாவிட்டால் துருக்கறை பிடிக்கும்.

சாயம்: முதலில் லேபிளைப் படியுங்கள். பருத்தி, லினன், விஸ்கோஸ் எளிதில் சாயம் ஏற்கும். பாலியஸ்டருக்குத் தனிச் சாயமும் கொதிக்கும் அளவுக்குச் சூடும் வேண்டும், பருத்திச் சாயம் அதில் பிடிக்காது. ஜீன்ஸைக் கறுப்பாக்கினாலும் தையல் நூல் பெரும்பாலும் பாலியஸ்டர் என்பதால் பழைய நிறத்திலேயே நிற்கும். சிலருக்கு அது ஏமாற்றம், எனக்கு அதுதான் பிடிக்கும்.

ப்ளீச்: இங்கே கவனம் தேவை. வீட்டில் இருக்கும் குளோரின் ப்ளீச்சை வினிகரோடோ வேறு அமிலத்தோடோ அம்மோனியா கலந்த கிளீனரோடோ சேர்த்தால் நச்சுவாயு வரும். ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறை போட்டுச் செய்யுங்கள். பருத்தியில் மட்டும் பயன்படுத்துங்கள். கம்பளி, பட்டு, எலாஸ்டிக் கலந்த துணி எல்லாம் அரித்துப் போகும். ப்ளீச்சை அரைக்கு அரை தண்ணீராவது கலந்து தெளித்து, நிறம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருங்கள். ஈரத்தில் துணி கருமையாகத்தான் தெரியும், காய்ந்ததும் இன்னும் வெளுத்துக் காட்டும். ஆகவே கொஞ்சம் முன்னாலேயே நிறுத்துங்கள். நிறைய தண்ணீரில் அலசிய பிறகு, ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த நீரில் ஊற வைத்தால் மிச்சமிருக்கும் ப்ளீச்சின் வேலை நிற்கும். வினிகர் ஊற்றி நிறுத்தச் சொல்லும் வீடியோக்கள் உலவுகின்றன. அதைச் செய்யாதீர்கள்.

பூட்ஸ் காலைக் கடிக்கிறது. சைஸ் தப்பா?

கெட்டித் தோல் பூட்ஸ் ஆரம்பத்தில் கடிக்கத்தான் செய்யும். பருத்த சாக்ஸ் போட்டு, வீட்டுக்குள்ளேயே கொஞ்ச நேரம், மறுநாள் இன்னும் கொஞ்ச நேரம் என்று பழக்குங்கள். ஆனால் விரல்நுனி முன்பக்கம் இடிக்கிறது என்றால் அது சைஸ் தப்பு, பழகாது. மாலையில் போய் வாங்குங்கள், நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்.

ஐலைனர், நெயில் பாலிஷ், பாவாடை எல்லாம் ஆண் போடலாமா?

போடலாம். இதைப் புதுசு என்று நினைப்பவர்களுக்கு வரலாறு தெரியாது. பழைய எகிப்தில் ஆண்களும் கண்ணுக்கு மை தீட்டினார்கள். பிரான்ஸின் பதினான்காம் லூயி மன்னர் சிவப்புக் குதி வைத்த உயரக் காலணி அணிந்தார். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில்தான் ஐரோப்பிய ஆண்கள் நிறத்தையும் அலங்காரத்தையும் விட்டு இருண்ட, எளிய உடைக்குப் போனார்கள். உளவியலாளர் ஃப்ளூகல் 1930இல் அதை ஆண்களின் மாபெரும் துறவு என்றே அழைத்தார். இன்று "ஆம்பளை இப்படித்தான்" என்று சொல்லப்படுவது அந்தத் துறவின் மிச்சம்தான். பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவி 1971இல் ஒரு ஆல்பத்தின் உறையில் நீள அங்கி அணிந்து சாய்ந்திருந்தார். பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர் ழான் பால் கோத்தியே 1985ஆம் ஆண்டுக்கான தொகுப்பில் ஆண்களுக்குப் பாவாடை வைத்தார். நிர்வாணா என்ற கிரஞ்ச் குழுவின் பாடகர் கர்ட் கோபேன் 1993இல் பெண்கள் அணியும் கவுனோடு ஒரு பத்திரிகை அட்டையில் வந்தார்.

செய்முறைக்கு வருவோம். முதல் ஐலைனர் பென்சிலாக இருக்கட்டும். இமையோரம் தீட்டிவிட்டு விரலால் லேசாகத் தேய்த்து மங்கலாக்குங்கள். கோணலாக வந்தாலும் தெரியாது, இந்தப் பாணிக்கு அதுவே பொருத்தமும்கூட. தூங்கும் முன் கழுவிவிடுங்கள். கண்ணில் போடும் எதையும் நண்பர்களோடு பகிர வேண்டாம், தொற்று பரவும். நெயில் பாலிஷுக்கு அடியில் நிறமில்லாத ஒரு பூச்சு போட்டால் நகத்தில் கறை படியாது. பாவாடை என்றால் கனமான துணியில், மடிப்பு வைத்து, முழங்காலுக்குக் கீழே இறங்குவதில் தொடங்குங்கள். அகலக் கால்சட்டை மேல் போட்டாலும் அழகு.

யாராவது உங்களை "அவனா நீ" என்கிற தொனியில் சீண்டலாம். அதற்குப் பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. அப்படிப்பட்டவர்களாக இருப்பது ஒரு குறையும் இல்லை என்பதால், பதறி மறுக்கவும் தேவையில்லை.

காது குத்துவது, தலைமுடிக்கு நிறம் ஏற்றுவது: எதைக் கவனிக்க வேண்டும்?

காதின் கீழ்ப்பக்க மென்சதையில் குத்தினால் ஆற ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். மேலே குருத்தெலும்பில் குத்தினால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரைகூட ஆகலாம். குருத்தெலும்பில் துப்பாக்கி போன்ற கருவியால் குத்த விடாதீர்கள், ஊசியால் குத்தும் பயிற்சி பெற்றவரிடம் போங்கள். நிக்கல் பலருக்கு ஒவ்வாது. முதல் நகை உடலுக்குள் பொருத்தும் தரத்திலான டைட்டானியமாக இருக்கட்டும். உப்புநீரால் சுத்தம் செய்யுங்கள், சும்மா சும்மா திருகாதீர்கள்.

கறுப்பு ஹேர் டையிலும், "கருப்பு மருதாணி" என்று விற்கும் தற்காலிக டாட்டூக்களிலும் பிபிடி என்ற வேதிப்பொருள் இருப்பதுண்டு. சிலருக்கு அது கடுமையான ஒவ்வாமையைத் தரும். டை போடுவதற்கு 48 மணி நேரம் முன்பு சிறிதளவு தோலில் தடவிச் சோதித்துப் பாருங்கள். அந்த மருதாணியைத் தொடவே வேண்டாம். கருமுடியை நீலமாகவோ இளஞ்சிவப்பாகவோ ஆக்க முதலில் வெளுக்க வேண்டும். ஒரே நாளில் முழுசாக வெளுக்க நினைத்தால் முடி உடைந்து கையோடு வரும். முதல் தடவை தெரிந்தவரிடம் செய்துகொள்ளுங்கள்.

எந்தச் சின்னங்களைத் தவிர்க்க வேண்டும்?

1970களில் சில பங்க் இளைஞர்கள் அதிர்ச்சிக்காக நாஜிச் சின்னத்தை அணிந்தார்கள். அப்போதும் அது தவறு, இப்போதும் தவறு. பழைய ராணுவ உடைகளை வாங்கும்போது கையில், காலரில் இருக்கும் பேட்ச் என்னவென்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மொட்டைத்தலை, சஸ்பெண்டர், பூட்ஸ் என்ற ஸ்கின்ஹெட் தோற்றத்துக்குச் சிக்கலான கதை உண்டு. 1960களின் இறுதியில் பிரிட்டனின் உழைக்கும் வர்க்கத்து இளைஞர்கள், ஜமைக்காவிலிருந்து வந்தவர்களின் இசையையும் உடையையும் விரும்பி ஏற்றதில் பிறந்தது அது. பின்னால் வலதுசாரி இனவெறிக் கும்பல்கள் அதைப் பிடுங்கிக்கொண்டன. இனவெறியை எதிர்க்கும் ஸ்கின்ஹெட்டுகள் இன்றும் இருக்கிறார்கள், ஆனால் தெருவில் எதிரே வருபவருக்கு உங்கள் மனம் தெரியாது. அந்தத் தோற்றத்தை எடுப்பதாக இருந்தால் இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும். ஒரு மக்களின் வழிபாட்டுப் பொருள்களையும் போர் மரியாதைச் சின்னங்களையும் அலங்காரமாக எடுக்காமல் இருப்பதும் அதே காரணத்தால்தான்.

வீட்டில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வேலைக்கும் போக வேண்டும். என்ன செய்வது?

வீட்டாரின் கோபத்துக்குப் பின்னால் பெரும்பாலும் பயம்தான் இருக்கும். பையன் கெட்ட சகவாசத்தில் சிக்கிவிட்டானோ, வேலை கிடைக்காதோ, நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயம். அதற்கு வாதம் செய்வதைவிட, படிப்பிலோ வேலையிலோ வீட்டுப் பொறுப்பிலோ ஒன்றும் குறையவில்லை என்று நடந்து காட்டுவது பலன் தரும். கழற்றக் கூடியதில் தொடங்குங்கள். ஜாக்கெட், பூட்ஸ், மோதிரத்துக்கு அவர்கள் பழகிய பிறகு முடியும் காதும் வரட்டும். உங்கள் சொந்தக் காசில் செய்யுங்கள். நீங்கள் பேட்ச் தைப்பதை அவர்கள் பார்க்கட்டும். தைக்கத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தால் உதவி கேளுங்கள், திட்டிக்கொண்டே ஊசியை வாங்கித் தைத்துக் கொடுப்பார்கள்.

வேலை இடத்தில் விதி என்னவென்று முதலில் படியுங்கள். பல இடங்களில் நல்ல வெட்டுள்ள கறுப்புச் சட்டை, அகலக் கால்சட்டை, பளபளப்பாகத் துடைத்த பூட்ஸ், ஒன்றிரண்டு வெள்ளி மோதிரம் எல்லாம் விதிக்குள்ளேயே வரும். சீருடை உள்ள இடம் என்றால் மாலையும் விடுமுறையும் உங்களுடையவை.

தெருவில் முறைக்கிறார்கள், கேலி செய்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

முறைப்பது பழகிவிடும். முதல் சில வாரங்கள் எல்லோரும் உங்களையே பார்ப்பது போல இருக்கும். அதில் பாதி நிஜம், பாதி மனம். நண்பரோடு சேர்ந்து வெளியே போகத் தொடங்குங்கள், பாதி பாரம் குறையும்.

ஆனால் கேலி வேறு, ஆபத்து வேறு. இங்கிலாந்தின் லங்காஷயரில் 2007இல் சோஃபி லான்காஸ்டர் என்ற 20 வயதுப் பெண்ணும் அவர் காதலரும் கோத் தோற்றத்தில் இருந்ததற்காகவே ஒரு கும்பலால் தாக்கப்பட்டார்கள். சோஃபி இறந்துபோனார். அதன்பின் நடந்த நீண்ட பிரசாரத்தின் பலனாக, 2013இல் கிரேட்டர் மான்செஸ்டர் போலீஸ் இத்தகைய கூட்டத்தினர் மீதான தாக்குதல்களை வெறுப்புக் குற்றமாகப் பதிவுசெய்யத் தொடங்கியது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. உடைக்காகத் தாக்கப்பட்டால் அது உங்கள் தப்பு என்று யாரையும் சொல்லவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இரவில் தெரியாத இடம் வழியாகப் போவதானால் மேலே ஒரு சாதாரண கோட்டைப் போட்டு மறைத்துக்கொள்ளுங்கள். அதில் எந்தத் தோல்வியும் இல்லை. ஓடக்கூடிய காலணி இருக்கட்டும், காதில் பாட்டு வேண்டாம். குடித்துவிட்டுச் சீண்டும் கூட்டத்துக்குப் பதில் பேசாமல் நகருங்கள். யாராவது தொட்டாலோ பின்தொடர்ந்தாலோ வெளிச்சமும் ஆளும் உள்ள இடத்துக்குள் போய் உதவி கேளுங்கள்.

வயதாகும்போது இதெல்லாம் விட்டுவிட வேண்டுமா?

மேலே சொன்ன வடிவமைப்பாளர் யமமோட்டோ 1943இல் பிறந்தவர், தி க்யூர் பாடகர் ஸ்மித் 1959இல் பிறந்தவர். இருவரும் விடவில்லை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை என் ரசனை மாறுகிறது. பழையதை என்ன செய்வது?

மாறட்டும், இந்த வயதில் மாறத்தான் வேண்டும். ஒன்றை வாங்குவதற்கு முன், உங்களிடம் ஏற்கனவே இருக்கும் மூன்று பொருளோடு சேர்த்துப் போட முடியுமா என்று பார்த்தால் மாற்றம் வீண் செலவாகாது. கறுப்புக் கால்சட்டையும் நல்ல பூட்ஸும் பங்க்கிலிருந்து கோத்துக்கும் அங்கிருந்து டெக்வேருக்கும் உங்களோடு வரும். கையால் செய்ததைத் தூக்கிப் போடாதீர்கள். பேட்ச்சைப் பிரித்து வேறு ஜாக்கெட்டில் தைக்கலாம், ஸ்டட்டைக் கழற்றி மறுபடி அடிக்கலாம். பூட்ஸின் அடிப்பாகம் ஒட்டாமல் தைக்கப்பட்டிருந்தால், தேய்ந்தபின் அதை மட்டும் மாற்றிக்கொடுக்கும் செருப்புத் தொழிலாளரிடம் கேட்டுப் பாருங்கள். மற்றவற்றை இப்போதுதான் தொடங்கும் இளையவர் யாருக்காவது கொடுங்கள், எந்தத் துணியை எப்படித் துவைக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.